அரிப்பைக் கையாளும் முறை: தோல் நரம்பு செய்வதை அறிந்து அதற்கேற்ப நடப்பது எப்படி

முன்கையின் உட்புறத்தில், படையோ புண்ணோ இல்லாத இடமாகப் பார்த்து, பேனா மூடியின் மழுங்கிய முனையால் சற்று அழுத்தி ஒரு கோடு இழுங்கள். சில நொடிகளில் கோடு போட்ட இடம் சிவக்கும். பலருக்கு, ஒரு நிமிடத்திற்குள், கோட்டின் இரு பக்கமும், மூடி தொடவே தொடாத தோலில், ஒழுங்கற்ற விளிம்புடன் இளஞ்சிவப்பு படரும். அழுத்தம் கூடினால் கோடு மெல்லத் தடித்தும் எழும். கருநிறத் தோலில் இந்தச் சிவப்பு எளிதில் தெரியாது. நல்ல வெளிச்சத்தில் சாய்வாகப் பிடித்துப் பார்க்க வேண்டும். கரப்பான் என்ற தோல் நோய் உள்ளவர்களில் சிலருக்குச் சிவப்புக்குப் பதிலாக வெண்கோடு விழுவதும் உண்டு. அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

தாமஸ் லூயிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1927-இல் இந்த மூன்று மாற்றங்களையும் வரிசைப்படுத்தி விளக்கினார். கோட்டின் சிவப்பும் தடிப்பும் அந்த இடத்து இரத்தக் குழாய்களின் வேலை. ஆனால் தொடாத இடத்தில் படர்ந்த சிவப்பு நரம்பின் வேலை. ஒரே நரம்பிழை தோலுக்குள் பல கிளைகளாகப் பிரிகிறது. ஒரு கிளையில் எழுந்த தூண்டல் தண்டுவடத்தை நோக்கிச் செல்லும்போதே, பிரிவு வந்த இடத்தில் திரும்பி மற்றக் கிளைகளின் வழியாக மீண்டும் தோலுக்குள் இறங்கி, அங்கே சில வேதிப்பொருட்களைக் கொட்டுகிறது. அவற்றில் ஒன்று இரத்தக் குழாயை விரிக்கிறது. இன்னொன்றான சப்ஸ்டன்ஸ் பி, குழாயிலிருந்து நீரைக் கசிய வைப்பதோடு, ஒவ்வாமைக்குப் பேர்போன மாஸ்ட் செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்களையும் தட்டி எழுப்புகிறது.

இந்த வழிகாட்டி முழுவதும் இந்த ஒரு செய்தியின் மேல்தான் நிற்கிறது. தோல் அழன்றதால் நரம்பு அரிப்பைத் தெரிவிக்கிறது என்பது பாதிதான்; நரம்பு தூண்டப்பட்டதாலும் தோல் அழல்கிறது. ஆகவே தோலுக்கு மட்டும் களிம்பு பூசிவிட்டு நரம்பைத் தூண்டியபடியே இருப்பவருக்கும், அரிப்பை மட்டும் மழுங்கடித்துவிட்டு அழற்சியை விட்டுவிடுபவருக்கும் நோய் திரும்பத் திரும்ப வருகிறது.

முதலில் நரம்பின் இயல்பைச் சிறிது தெரிந்துகொள்ளுங்கள். பின்னால் வரும் ஒவ்வொரு செயலுக்கும் காரணம் இங்கே இருக்கிறது. அரிப்பைச் சுமக்கும் இழைகளில் பெரும்பாலானவை உறை இல்லாத, மிக மெல்லிய சி வகை இழைகள். இவற்றில் செய்தி நொடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் வேகத்தில்தான் செல்லும். கணுக்காலில் எழுந்த அரிப்பு உணர்வுக்கு எட்ட ஒரு நொடியாவது ஆகிறது. அரிப்பு என்பது மெலிந்த வலி என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1997-இல் மனிதத் தோலில், மாஸ்ட் செல்கள் விடும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளுக்கு வலுவாக எதிர்வினை தந்து அரிப்பு உணர்வோடு ஒத்து இயங்கும் தனி இழைகளை ஆய்வாளர்கள் பதிவு செய்தபின் அந்தக் கருத்து மாறியது. அரிப்புக்குத் தண்டுவடத்திலும் தனித் தடம் உண்டு: அங்குள்ள நரம்புகளில் செய்தியைப் பிடிக்கும் ஒரு குறிப்பிட்ட புரதம் (ஏற்பி) இல்லாத எலிகள் வலியை வழக்கம்போல உணர்ந்தாலும் மிகக் குறைவாகவே சொறிந்தன என்பது 2007-இல் தெரியவந்தது.

இந்த இழைகளில் ஒரு பகுதிதான் ஹிஸ்டமினுக்குச் செவி கொடுப்பது. மற்றொரு பகுதி வேறு தூண்டல்களால் விழித்துக்கொள்கிறது. உடலில் திட்டுத்திட்டாக எழுந்து சில மணி நேரத்தில் இடம் மாறும் தடிப்பு நோயில் ஹிஸ்டமின்தான் முதன்மைக் குற்றவாளி. அங்கே ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரை நன்றாகக் கேட்கும். கரப்பானில், அதாவது அட்டோபிக் எக்ஸிமாவில், பெரும்பங்கு மற்றத் தடத்தின் வழியே வருகிறது. நோயெதிர்ப்புச் செல்கள் விடும் இன்டர்லூகின்-4, 13, 31 ஆகிய புரதங்களுக்கான ஏற்பிகள் நரம்பு நுனியிலேயே இருக்கின்றன. கீறப்பட்ட மேல்தோல் செல்கள் விடும் இன்னொரு புரதமும் நரம்பை நேராகத் தூண்டும். எனக்குச் சிறுவயது முதல் முழங்கால் மடிப்பில் கரப்பான் உண்டு. தூக்கம் வரவழைக்கும் பழைய வகை மாத்திரையைப் பல ஆண்டுகள் விழுங்கினேன். தூக்கம் வந்தது, ஆனால் காலையில் நகக்கண்ணில் காய்ந்த இரத்தம் இருந்தது. மாத்திரை என்னைத்தான் தூங்க வைத்தது, அந்த நரம்பை அல்ல என்பது எவ்வளவோ பின்னால்தான் எனக்குப் புரிந்தது.

எனவே முதல் வேலை, உங்களுக்கு வந்திருப்பது எந்த அரிப்பு என்று பிரித்தறிவது. இரண்டு வாரங்களுக்கு ஒரு சிறு குறிப்பேடு வையுங்கள். அரிப்பு எழுந்த நேரம், இடம், 0 முதல் 10 வரையிலான கடுமை, அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் நடந்தது ஆகிய நான்கும் போதும். தடிப்பாக இருந்தால் அதைச் சுற்றிப் பேனாவால் வட்டமிட்டு, நேரத்தையும் எழுதிவையுங்கள். 24 மணி நேரத்திற்குள் அந்தத் தடிப்பு தடமின்றி மறைந்தால் அது பெரும்பாலும் ஹிஸ்டமின் வகை. வறண்டு, செதில் உரிந்து, மடிப்புகளில் நிலைத்து நின்றால் கரப்பான் பக்கம் யோசிக்கலாம். ஒரு பொருள் பட்ட எல்லையோடு, அதே வடிவில் படை எழுந்தால் தொடு ஒவ்வாமையை ஐயுற வேண்டும். நிக்கல், நறுமணப் பொருட்கள், தலைச்சாயம் போன்றவற்றால் வரும் இந்த ஒவ்வாமை, பொருள் பட்டு ஒன்று முதல் மூன்று நாள் கழித்தே வெளிப்படுவது வழக்கம். ஆகவே குறிப்பேட்டில் இன்றைய பக்கத்தைவிட முந்தைய இரண்டு பக்கங்களை அதிகம் புரட்டிப் பாருங்கள்.

தோலில் எதுவுமே இல்லாமல் முதுகின் தோள்பட்டை எலும்போரத்தில் ஒரே இடத்திலோ, முன்கையின் வெளிப்புறத்திலோ மட்டும் அரித்தால், பழுது தோலில் இல்லாமல் கழுத்து அல்லது முதுகெலும்பில் அழுத்தப்பட்ட நரம்பில் இருக்கலாம். முன்கையில் வரும் இவ்வகை அரிப்பு பனிக்கட்டிப் பை வைத்தால் சட்டென அடங்குவதும், எடுத்ததும் திரும்புவதும் அதன் அடையாளம். ஸ்டீராய்டு களிம்பு இதற்கு உதவாது. உடல் முழுவதும் படையின்றி வாரக்கணக்கில் அரித்தால் கல்லீரல், சிறுநீரகம், தைராய்டு, இரும்புச்சத்து, இரத்த அணுக்கள் ஆகியவற்றைச் சோதிக்க மருத்துவரிடம் செல்ல வேண்டும். இரவில் மிகுந்து, வீட்டில் மற்றவர்களுக்கும் அரிக்கத் தொடங்கினால் அது சிரங்குப் பூச்சியாக இருக்கக்கூடும். அதற்கான மருந்தை வீட்டார் அனைவரும் ஒரே சமயத்தில் போட்டுக்கொள்ள வேண்டும்.

இனி வருவது பெரும்பாலும் கரப்பானையும் அதை ஒத்த ஒவ்வாமை அழற்சியையும் பற்றியது.

தோலின் மேல் அடுக்குதான் நரம்பு நுனிக்கும் வெளியுலகுக்கும் நடுவே இருக்கும் சுவர். நரம்பு நுனிகள் மேல்தோலுக்குள்ளேயே, இறந்த செல்களாலான கொம்படுக்கிற்குச் சற்றுக் கீழேவரை ஏறி நிற்கின்றன. சுவர் பிளந்தால் தூசுப்பூச்சியின் கழிவிலுள்ள நொதிகளும், கரப்பான் தோலில் பெருகும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவின் நொதிகளும் நேரே நரம்பை எட்டுகின்றன. அந்த பாக்டீரியா விடும் ஒரு புரத நொதி, நோயெதிர்ப்புச் செல்களின் துணையே இல்லாமல் எலிகளின் நரம்பிலுள்ள ஏற்பியை வெட்டி அரிப்பை எழுப்புகிறது என்று 2023-இல் ஓர் ஆய்வு காட்டியது. வெளியிலிருந்து வரும் நொதிகள் மட்டுமல்ல, தோலின் சொந்த நொதிகளும் உண்டு. நலமான தோலின் மேற்பரப்பு சற்றே அமிலத்தன்மை உடையது; அந்த அமிலநிலையில் இந்த நொதிகள் அடங்கிக் கிடக்கும். காரத்தன்மை மிகுந்த சோப்பு அந்த அமிலத்தைப் போக்கும்போது அவை விழித்து, சுவரின் பிணைப்புகளை அறுப்பதோடு நரம்பையும் தூண்டுகின்றன. நுரை நிறைய வந்து, துடைத்ததும் தோல் விறுவிறுவென்று இழுத்தால் அந்தச் சோப்பு உங்களுக்கு ஆகாது. மணமூட்டாத, காரமற்ற கழுவு திரவத்தை அக்குள், இடுப்பு மடிப்பு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும் பயன்படுத்தி, மற்ற இடங்களுக்கு நீரே போதும் என்று விட்டுவிடலாம்.

குளியல் வெதுவெதுப்பான நீரில் ஐந்து முதல் பத்து நிமிடம் இருக்கட்டும். கொதிக்கும் நீரை ஊற்றினால் அரிப்பு அடங்குவது உண்மைதான்; சூட்டை உணரும் நரம்புகள் சிறிது நேரம் அரிப்பை மூடிவிடுகின்றன. ஆனால் அதே நரம்புகள்தான் சப்ஸ்டன்ஸ் பி-யைக் கொட்டுபவை. சூடான நீர் தோலின் எண்ணெய்ப்பசையையும் கரைத்துக்கொண்டு போகும். பத்து நிமிட சுகத்திற்கு அன்றைய இரவு முழுவதும் விலையாகப் போகிறது. குளித்ததும் துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, தோல் ஈரம் காய்வதற்குள், சில நிமிடங்களுக்குள்ளாகவே, மாய்ஸ்சரைசரைப் பூசுங்கள். மயிர் வளர்ந்திருக்கும் திசையிலேயே நீவ வேண்டும். அழுத்தித் தேய்ப்பதும் ஒருவகைச் சொறிதல்தான். அளவில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். உடலெங்கும் வறட்சியுள்ள பெரியவருக்கு வாரத்திற்கு 250 முதல் 500 கிராம் வரை தேவைப்படும். ஒரு சிறு குழாய் ஒரு மாதம் வருகிறது என்றால் நீங்கள் பூசுவது போதவில்லை. திரவ வகையைவிடக் கெட்டியான களிம்பு வகை நன்றாக நிற்கும். பெட்ரோலியம் ஜெல்லி போதுமென்றால் அதுவே நல்லது, ஏனெனில் அதில் மணமோ பதப்படுத்தும் பொருளோ கிடையாது. ஆனால் எண்ணெய்ப்பசை மிகுந்த களிம்புகள் ஊறிய துணி எளிதில் தீப்பற்றும் என்பதை நினைவில் வைத்து, நெருப்பிலிருந்து விலகியிருங்கள்.

வறண்ட தோலில் இன்னொரு விசித்திரம் நடக்கிறது. மெல்லிய தொடுதலை உணர்த்தும் மெர்க்கெல் செல்கள் அரிப்புத் தடத்தை ஓரளவு அடக்கிவைத்திருப்பதாகவும், வறண்ட தோலில் அவை குறைவதால் வெறும் தொடுதலே அரிப்பாக மாறுவதாகவும் எலிகளில் 2018-இல் கண்டறிந்தார்கள். சட்டைக் கழுத்தின் உள்ளே தைத்திருக்கும் சிறு துணிச்சீட்டு நலமான நாளில் நினைவுக்கே வராது. கரப்பான் சீறிய நாளில் அது ஊசிபோல் உறுத்தும். அந்தச் சீட்டை நூல் மிச்சமில்லாமல் பிரித்தெடுங்கள். கம்பளியும் முரட்டு இழைகளும் நேரே தோலில் படாதபடி, மென்மையான, தளர்ந்த பருத்தி ஆடையை உள்ளே அணியுங்கள்.

இப்போது சொறிதலுக்கு வருகிறேன். இதை மிக நிதானமாகப் படிக்க வேண்டுகிறேன். சொறிந்தால் ஏன் சுகமாக இருக்கிறது? நகம் கீறும் சிறு வலி தண்டுவடத்திலுள்ள அடக்கும் நரம்புகளை எழுப்பி, அரிப்புத் தடத்தைச் சிறிது நேரம் மூடுகிறது. அந்தச் சுகம் கற்பனையல்ல. ஆகவே “சொறியாதே” என்று பிள்ளையை அதட்டுவதில் பயனில்லை. ஆனால் அதே வேளையில் தோலில் நடப்பது வேறு. 2025-இல் வெளியான ஓர் ஆய்வு, எலிகள் சொறியும்போது வலி நரம்புகள் சப்ஸ்டன்ஸ் பி-யை விடுகின்றன என்றும், ஒவ்வாமைப் பொருளால் ஏற்கெனவே உசுப்பப்பட்ட மாஸ்ட் செல்களை அது இரண்டாவது முறையாக உசுப்பி அழற்சியைக் கூட்டுகிறது என்றும் காட்டியது. சொறிய முடியாமல் கழுத்தில் வளையம் மாட்டப்பட்ட எலிகளில், அதே ஒவ்வாமைப் பொருள் பட்டும் வீக்கம் குறைவாகவே இருந்தது. அதே ஆய்வில், சொறிதல் தோலிலுள்ள ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவைக் குறைத்ததும் தெரிந்தது. ஆகவே சொறிதலில் நன்மையே கிடையாது என்று நான் எழுத மாட்டேன். நாட்பட்ட அழற்சி உள்ளவருக்கு அந்தச் சிறு நன்மையைவிடக் கேடு பெரிது என்பதே என் கணிப்பு. நீண்ட நாள் சொறியப்பட்ட இடத்தில் மேல்தோல் நரம்பு வளர்ச்சிக் காரணியை அதிகமாகச் சுரக்கிறது. நரம்பிழைகள் மேலும் கிளைத்து மேலேறுகின்றன. தோல் தடித்து, அதன் வரிகள் ஆழமாகி, அதே இடம் அடுத்தமுறை இன்னும் எளிதாக அரிக்கிறது.

சுகத்தைத் தரும் அதே அடக்கும் நரம்புகளை வேறு வழியில் எழுப்புவதுதான் தந்திரம். குளிர்ச்சி அதைச் செய்கிறது. துணி சுற்றிய பனிக்கட்டிப் பையை ஐந்து முதல் பத்து நிமிடம் அரிக்கும் இடத்தில் வையுங்கள். பனிக்கட்டியை வெறும் தோலில் வைக்க வேண்டாம். மாய்ஸ்சரைசரைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துப் பூசினால் இரு பயனும் ஒருசேரக் கிடைக்கும். மென்தால் கலந்த பூச்சு குளிரை உணரும் நரம்பைத் தூண்டி இதே வேலையைச் செய்யும். ஆனால் வெடித்த தோலில் எரியும், கைக்குழந்தைகளுக்குப் பயன்படுத்தக்கூடாது. கையில் எதுவும் இல்லாத நேரத்தில், நகம் படாமல் உள்ளங்கையால் அந்த இடத்தை அழுத்திப் பிடியுங்கள். கை தானாகச் சொறியப் போகும் கணத்தைக் கவனித்து, முட்டியை இறுக மூடி முப்பது நொடி எண்ணிவிட்டு, பிறகு அழுத்திப் பிடிப்பது என்று பழக்கிக்கொண்டால் சொறியும் எண்ணிக்கை குறையும். முதல் சில நாட்கள் எத்தனை முறை கை போகிறது என்று எண்ணுவதே பலருக்குத் திகைப்பாக இருக்கும். நினைவின்றிச் சொறிவது அவ்வளவு அதிகம்.

இரவு தனி. அப்போது தோலின் வெப்பம் ஏறுகிறது, நீர் இழப்பு கூடுகிறது, அழற்சியை அடக்கும் கார்டிசால் தாழ்கிறது, கவனத்தைத் திருப்ப வேறு வேலையும் இல்லை. படுக்கும் அறையைக் குளிர்ச்சியாக வையுங்கள். படுப்பதற்கு முன் ஒருமுறை மாய்ஸ்சரைசர் பூசுங்கள். நகத்தை ஒட்ட வெட்டி, விளிம்பை அரத்தால் மழுக்குங்கள். கடுமையான நாட்களில், மாய்ஸ்சரைசருக்கு மேல் ஈரப் பருத்தித் துணியும் அதற்கு மேல் உலர்ந்த துணியும் சுற்றலாம். குளிர்ச்சியும் ஈரமும் கிடைப்பதோடு நகத்துக்கும் தடை ஆகிறது. ஸ்டீராய்டு களிம்பின் மேல் இப்படிச் சுற்றினால் மருந்து கூடுதலாக உடலுக்குள் போகும். ஆகவே மருத்துவர் சொல்லாமல் செய்யாதீர்கள்.

சிவந்து அழன்ற இடத்திற்கு மாய்ஸ்சரைசர் மட்டும் போதாது. ஸ்டீராய்டு களிம்பு, நரம்பைத் தூண்டும் புரதங்களைச் சுரக்கும் செல்களை அடக்குகிறது. அதனால்தான் அரிப்பும் குறைகிறது. அச்சத்தால் பொட்டுப்பொட்டாக வைத்து மாதக்கணக்கில் இழுப்பதைவிட, தகுந்த வலிமையுள்ளதைத் தகுந்த அளவில் குறுகிய காலம் பூசி அடக்குவது நல்லது. பெரியவரின் ஆட்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை பிதுக்கிய களிம்பு ஏறக்குறைய அரை கிராம். அது விரல்களோடு சேர்ந்த இரண்டு உள்ளங்கை அளவுள்ள தோலுக்குப் போதும். முகம், இமை, தொடையிடுக்கு ஆகிய மெல்லிய இடங்களில் வலிமையான ஸ்டீராய்டைப் பூசக்கூடாது. அங்கே டாக்ரோலிமஸ் போன்ற ஸ்டீராய்டு அல்லாத களிம்பை மருத்துவர் தருவார். அது முதல் சில நாட்கள் எரியும். மிளகாயின் காரத்தை உணரும் அதே நரம்பு ஏற்பியின் வழியாக வரும் எரிச்சல் அது. தொடர்ந்து பூசினால் பெரும்பாலோருக்கு ஒரு வாரத்தில் தணிந்துவிடும். இந்தக் காரணம் தெரியாமல், ஒத்துக்கொள்ளவில்லை என்று எண்ணிப் பலர் இரண்டாம் நாளே நிறுத்திவிடுவது வருத்தத்திற்குரியது.

பூச்சுகளுக்கு அடங்காத நோய்க்கு இப்போது நரம்பின் மொழியையே குறிவைக்கும் மருந்துகள் உள்ளன. இன்டர்லூகின்-4, 13 ஆகியவற்றின் ஏற்பியை அடைக்கும் டூபிலுமாப் ஊசிக்கு 2017-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. இன்டர்லூகின்-31-இன் ஏற்பியை அடைக்கும் நெமோலிசுமாப் ஊசிக்குக் கரப்பானுக்காக அங்கே 2024 டிசம்பரில் ஒப்புதல் வந்தது. இத்தகைய புரதங்களின் செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் ஜேஏகே நொதிகளைத் தடுக்கும் மாத்திரைகள் சில நாட்களிலேயே அரிப்பைக் குறைக்கக்கூடியவை. ஆனால் தொற்று, இரத்தக்கட்டி முதலிய எச்சரிக்கைகள் உள்ளதால் இரத்தப் பரிசோதனையும் மருத்துவக் கண்காணிப்பும் இன்றியமையாதவை.

ஆறு வாரத்திற்கு மேல் நீடிக்கும் அரிப்புக்குத் தோல் மருத்துவரைப் பாருங்கள். குறிப்பேட்டையும், பூசிய களிம்புகள் அனைத்தையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். படையில் சீழும் மஞ்சள் பொருக்கும் கட்டினாலோ, ஒரே அளவான சிறு கொப்புளங்கள் கூட்டமாக எழுந்து வலியும் காய்ச்சலும் வந்தாலோ அன்றே செல்ல வேண்டும். இரண்டாவது, கரப்பான் தோலில் பரவும் ஹெர்பிஸ் தொற்றாக இருக்கலாம். தடிப்போடு உதடு, நாக்கு வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ ஒரு நிமிடமும் காத்திராமல் அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள்.

சிவப்பு மறைந்த நாளில் எல்லாவற்றையும் நிறுத்திவிடாதீர்கள். கண்ணுக்கு நலமாகத் தெரியும் தோலின் உள்ளே அழற்சியின் மிச்சம் தங்கியிருக்கும். கிளைத்த நரம்பிழைகளும் ஒரே நாளில் பின்வாங்குவதில்லை. அடிக்கடி திரும்பும் இடங்களில், மருத்துவரின் ஒப்புதலோடு, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் மருந்துக் களிம்பைத் தொடர்வது அடுத்த சீற்றத்தைத் தள்ளிப்போடும். எப்போது நிறுத்தலாம் என்பதற்குக் கண்ணை நம்பாமல் விரலை நம்புங்கள்: கண்களை மூடிக்கொண்டு, பழைய படையின் மேலும் அதன் பக்கத்துத் தோலின் மேலும் விரல் நுனியை மெல்ல ஓட்டிப் பார்க்கையில், இரண்டுக்கும் நடுவிலுள்ள எல்லை தட்டுப்படாத அளவுக்குத் தோல் மென்மையாகும்வரை அந்த இரண்டு நாள் தொடரட்டும்.